ஒரு கார்பன் வித்தியாசம்

2024 ஜூன் மாதக் கடைசியில், இரண்டாமாண்டு அறிவியல் மாணவிகளுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம். திருவாலங்காடு எங்களுக்குப் பக்கத்து ஊர். வகுப்பில் பாதிப்பேர் அந்தக் கோயிலுக்குத் திருவாதிரைக்குப் போனவர்கள். ஆனாலும் சுடுகாட்டில் நின்று பாடும் பெண்பேயின் காய்ந்த உடலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முகம் சுளிப்பார்கள். அன்று யாரும் சுளிக்கவில்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வரிசையாக எரிந்த சிதைகளை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள்.

ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், அவங்க எல்லாம் கண்ணு தெரியல, கண்ணு தெரியலன்னு சொல்லிட்டே செத்தாங்களாம். சாராயம் குடிச்சா கண்ணு எதுக்குப் போகுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முனைவர் பட்டத்துக்காகப் பேய்ப்பாடல்களில் ஐந்து வருடம் செலவழித்தவள் நான். வேதியியல் படிக்கும் இன்னொரு பெண் அனுமதிகூடக் கேட்காமல் கரும்பலகைக்கு வந்தாள். ஒரு கார்பன் போட்டாள். அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன், நான்காவது கையில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். "இது மெத்தனால்" என்றாள். பக்கத்தில் இரண்டு கார்பன்களைக் கைகோத்து நிறுத்தி, கடைசியில் அதே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் மாட்டினாள். "இது எத்தனால். டாஸ்மாக்ல விக்கிறது. ஒரே ஒரு கார்பன்தான் மேடம் வித்தியாசம்."

அந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிக்கு ஹைட்ராக்சில் தொகுதி என்று பெயர். கார்பன் சங்கிலியில் அது ஒட்டிக்கொண்டால் அந்தச் சேர்மம் ஆல்கஹால் குடும்பத்தில் சேர்ந்துவிடும். குடும்பம் பெரியது. மருந்துகளிலும் களிம்புகளிலும் இருக்கும் கிளிசரால் அதில் ஒன்று, ஊசி போடுமுன் தோலில் தடவும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இன்னொன்று. குடிப்பது என்று வந்தால் மனிதர்கள் குடிக்க நினைப்பது இரண்டு கார்பன் உள்ளதை மட்டும். ஒரு கார்பன் உள்ளதும் பார்வைக்குத் தண்ணீர்போலத்தான் இருக்கும், வாசனையும் ஏறத்தாழ அதே. மெத்தனால் கொதிப்பது 64.7 டிகிரியில், எத்தனால் 78.4 டிகிரியில். பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

வித்தியாசம் கல்லீரலில் தெரிகிறது. ஆல்கஹாலைச் சிதைக்க அங்கே ஒரு நொதி இருக்கிறது. எத்தனால் வந்தால் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றும். மறுநாள் காலைக் குமட்டலில் அதற்கும் பங்கு உண்டு. பிறகு அது அசிட்டேட்டாகும், வினிகரின் உறவு. மெத்தனால் வந்தாலும் அதே நொதி அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் கிடைப்பது ஃபார்மால்டிஹைடு. பிணவறையில் உடல்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் அதன் கரைசல்தான். அடுத்த படியில் ஃபார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். இது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கிறது, இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. அதிக ஆற்றல் கேட்கும் பார்வை நரம்பு முதலில் விழும். 10 மில்லி போதும், கண் போகலாம்.

இதில் கொடுமை, விஷம் உடனே வேலை செய்யாது. குடித்த இரவு வழக்கமான போதைதான். பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் தலைவலி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பிறகு கண்ணில் பனி இறங்கியதுபோல வெளுப்பு. அதற்குள் ஆஸ்பத்திரி போனால் பிழைக்க வைக்கலாம். மாற்று மருந்து என்ன தெரியுமா என்று அந்தப் பெண் வகுப்பைக் கேட்டாள். எத்தனால். கல்லீரல் நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் பல மடங்கு பிரியம். எத்தனாலைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நொதி அதிலேயே மூழ்கிக் கிடக்கும், மெத்தனால் சிதையாமல் மெல்ல வெளியேறும். ஃபோமெபிசோல் என்ற மருந்தும் அந்த நொதியைத்தான் கட்டிப்போடுகிறது. ஆனால் எதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. என்ன குடித்தார் என்பதை யாராவது மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இங்கே என் சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. எனக்குச் சித்தி ஞாபகம் வந்தது.

சித்தப்பா மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவர். திருவாலங்காடு ஸ்டேஷனில் காலை ரயில் ஏறி வேலைக்குப் போய் ராத்திரி வருவார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, நூறு முறை தேய்த்துத் தேய்த்து ஒரு கதவைக் கண்ணாடியாக்கிவிடுவார். அவர் சட்டையில் எப்போதும் அந்த வாசனை. 1994இல், நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் "என்னம்மா, ஒரே பனியா கீது" என்று திண்ணையில் உட்கார்ந்தவர் மறுநாள் எழுந்தபோது எதையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம். உயிர் மிஞ்சியது. அதன்பின் பதினேழு வருடம் பார்வையில்லாமல் வாழ்ந்து 2011இல் இறந்தார். சர்க்கரை வியாதியில் கண் போனது என்றுதான் வீட்டில் எங்களுக்குச் சொன்னார்கள். ஊருக்கும் அதையே சொன்னார்கள். ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்த மனுவிலும் அதுதான் காரணம்.

சர்க்கரை என்று சொன்னதில் ஒரு குரூரமான பொருத்தம் இருந்ததை இப்போது நினைக்கிறேன். திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை திருவாலங்காட்டில்தான் இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். சித்தி பின்னால் கரும்பு வெட்டப் போனார். கரும்புச்சாற்றிலிருந்து சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகுக்கு மொலாசஸ் என்று பெயர். நாட்டில் குப்பியில் விற்கும் விஸ்கி, பிராந்தி, ரம் பெரும்பாலும் இந்த மொலாசஸை நொதிக்க வைத்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தவைதான். திராட்சையும் பார்லியும் லேபிளில் மட்டும்.

குடியின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் தமிழ் ஆசிரியைகள் சங்க இலக்கியத்தைத்தான் திறப்போம். அதியமானும் ஔவையும் சேர்ந்து கள் குடித்ததைப் புறநானூறு மறைக்கவில்லை. வீட்டிலேயே அரிசியில் காய்ச்சிய தோப்பி இருந்தது. நறவும் தேறலும் இருந்தன. எங்கள் தொண்டைநாட்டு இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கும் பெண்கள் வருகிறார்கள், அவர்கள் கலம் கழுவி ஊற்றிய நீர் தேங்கிச் சேறான முற்றம் வருகிறது. உரையாசிரியர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது தொழிற்சாலையின் வாசல்போலத் தெரிகிறது. சமைப்பது, புளிக்க வைப்பது, பதம் பார்ப்பது எல்லாம் பெண்களின் அறிவு. திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்துக்கு வரும்போது பெண் வேறு இடத்துக்குப் போய்விடுகிறாள். குடித்தவனின் முகத்தைப் பார்த்து வருந்தும் தாயாகிறாள். குடியைச் செய்தவள் குடியால் அழுகிறவளாக மாறுவதற்கு இடையில் என்ன நடந்தது என்பதை நம் இலக்கிய வரலாறுகள் கேட்டதில்லை.

பழைய கள்ளும் தோப்பியும் புளிக்க வைத்தவை. நொதித்தலில் ஆல்கஹால் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தொடும்போது ஈஸ்ட் தன் கழிவிலேயே செத்துப்போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் காய்ச்சி வடிக்க வேண்டும். இன்று டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தியில் எத்தனால் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் சுமார் 60 கிராம் எத்தனால். கல்லீரல் மணிக்கு எட்டு கிராம் அளவுக்குத்தான் எரிக்கும். கணக்குப் போட்டால், இரவு எட்டு மணிக்குக் குடித்தது விடியற்காலை நாலு மணிக்குத் தீரும். சித்தி வாசல் தெளிக்க எழும் நேரம்.

ஆல்கஹால் என்ற சொல்லுக்குள் ஒரு பெண் அலங்காரப் பொருள் ஒளிந்திருக்கிறது. அரபியில் அல்-குஹ்ல் என்றால் கண்ணுக்குத் தீட்டும் மை, நம் ஊரில் சுர்மா என்கிறோமே, அதுதான். மிக நுண்ணிய பொடி என்பதிலிருந்து எதையும் காய்ச்சிப் பிரித்தெடுத்த சாரம் என்ற பொருளுக்கு அந்தச் சொல் நகர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒயினின் சாரத்துக்குப் பெயராகி அங்கேயே தங்கிவிட்டது. மெத்தனாலை 1661இல் ராபர்ட் பாயில் மரத்தைக் காய்ச்சிப் பிரித்தார். அதனால் மரச்சாராயம் என்றும் சொல்வார்கள். 1834இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் டூமாவும் பெலிகோவும் அதன் இயல்பைக் கண்டறிந்து, கிரேக்கத்தில் ஒயினுக்கும் மரத்துக்கும் உள்ள சொற்களைச் சேர்த்துப் பெயரிட்டார்கள்.

மரத்திலிருந்து வந்த அந்த நஞ்சை எத்தனாலோடு முதலில் பெரிய அளவில் கலந்தது கள்ளச்சாராயக்காரர்கள் இல்லை, அரசு. 1855இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. குடிக்கிற சாராயத்துக்கு வரி உண்டு, ஆனால் வார்னிஷ் செய்கிறவனுக்கும் விளக்கெரிக்கிறவனுக்கும் அதே வரி போட்டால் தொழில் படுத்துவிடும். ஆகவே தொழிலுக்குப் போகும் எத்தனாலில் மரச்சாராயத்தைக் கலந்து, குடிக்க முடியாததாக்கி, வரியில்லாமல் விடு. மெத்திலேட்டட் ஸ்பிரிட் இப்படித்தான் பிறந்தது. வரியைக் காப்பாற்றுவதற்காகச் சேர்த்த விஷம். அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில் திருடர்கள் தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் குடிக்க விற்கிறார்கள் என்று தெரிந்தபோது, அதில் கலக்கும் மெத்தனாலை அதிகப்படுத்தச் சொன்னது அந்த அரசு. 1926 கிறிஸ்துமஸில் நியூயார்க் மருத்துவமனைகள் நிரம்பின. நகரத்தின் தலைமை மரண ஆய்வு மருத்துவர் சார்லஸ் நாரிஸ், குடிப்பார்கள் என்று தெரிந்தே விஷம் கலக்கிறீர்கள், சாவதெல்லாம் ஏழைகள் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்.

நம் ஊரில் 1959இல் வந்த விதிகளின் பெயரே சித்தப்பாவின் வேலையைச் சொல்லும்: இயல்பு மாற்றிய சாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் எனப்படும் பிரெஞ்சு பாலிஷ் பற்றிய தமிழ்நாடு விதிகள். பாலிஷைக்கூடச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டிய அளவுக்கு மனிதர்கள் அதைக் குடித்தார்கள் என்று அர்த்தம். அப்போது மாநிலம் முழுவதும் மதுவிலக்கு.

அந்த மதுவிலக்கின் கதையில் பெண்கள் எப்போதும் முதல் பத்தியில் வருவார்கள். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல், அதில் நாகம்மையும் கண்ணம்மாளும். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் சித்தூர், கடப்பை. திருவாலங்காடு அப்போது சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது, திருத்தணி தாலுக்கா 1960இல்தான் நம்மிடம் வந்தது. ஆக எங்கள் ஊர்க் கள்ளுக்கடை 1938லேயே மூடியிருக்க வேண்டும். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. கணவன் குடிக்காமல் கொண்டுவந்த காசில் மனைவி வாங்கிய சாமானில் அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். கொஞ்சம் அநியாயமாகச் சொல்கிறேன், ஆனாலும் முழுப் பொய் இல்லை. உலகப் போர்க் காலத்தில் மதுவிலக்கு நின்றது, 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக். 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதற்கும் தடை. 2001இல் பண்ருட்டிப் பக்கம் மெத்தனாலில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே அரசு எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறை கடையைத் திறக்கும்போதும் கள்ளச்சாராயச் சாவைத் தடுக்க என்றார்கள், மூடும்போது தாய்மார்களின் கண்ணீரைத் துடைக்க என்றார்கள். தாய்மார்களிடம் யாரும் எதையும் கேட்டு எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்தத் தேதிகளில் சித்தப்பாவை வைத்துப் பார்த்தேன். 1994. மலிவு விலை மது நின்று மூன்று வருடம். கடையில் குப்பி விலை அதிகம். கையருகே தினமும் ஒரு கேன் ஸ்பிரிட்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடித்ததால் அடித்தான் என்று நாம் மிகச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எத்தனால் மூளையில் அடக்கும் சைகைகளைக் கூட்டுகிறது, தூண்டும் சைகைகளைக் குறைக்கிறது. தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் திறன் முதலில் தளர்கிறது, பிறகு நாக்கு, கால், கடைசியில் மூச்சு. சரி. ஆனால் எங்கள் தெருவில் ராத்திரி பெண்டாட்டியை அடித்தவர்களில் ஒருவர்கூடத் தன் மேஸ்திரியை அடித்ததில்லை, ரோந்து வந்த போலீஸ்காரரை அடித்ததில்லை. எவ்வளவு போதையிலும் யாரை அடிக்கலாம் என்பது சரியாக ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகத்தை எத்தனால் கொடுக்கவில்லை. பெண்ணின் உடம்பைப் பற்றிய வேதியியலும் நம் பேச்சில் வராது. உடலில் நீரின் பங்கு குறைவு என்பதாலும் இரைப்பையில் அந்த நொதி குறைவு என்பதாலும் அதே அளவு குடித்தால் பெண்ணின் இரத்தத்தில் ஆல்கஹால் அதிகம் ஏறும். மார்பகப் புற்றுக்கும் அதற்கும் தொடர்பு உறுதியானது. குடிக்கிற பெண்ணுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அவளைப் படம்பிடித்துப் பரப்புவதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது.

கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி வடக்கே போனால் நெல்லூர். அந்த மாவட்டத்தின் துபகுண்டாவில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புக்குப் போன பெண்கள் தங்கள் பாடப்புத்தகத்தில் சாராயத்தைப் பற்றிய கதையைப் படித்துவிட்டு, பேசி, எழுந்து போய்க் கடையை மூடினார்கள். ரோசம்மா என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. 1993இல் ஆந்திராவில் சாராயம் நின்றது. 1995இல் முழு மதுவிலக்கு, 1997இல் அதைத் தளர்த்தியாயிற்று. எனக்கு இதில் பிடித்தது கடையை மூடியதுகூட இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தவர்கள் தங்கள் வீட்டைப் பற்றியே படித்தார்கள், அது வெட்கப்பட வேண்டிய இரகசியம் இல்லை, எல்லார் வீட்டிலும் இருப்பது என்று ஒரே அறையில் தெரிந்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு அறை 2017இல் தெருவில் உருவானது. நெடுஞ்சாலையோரக் கடைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் ஏப்ரல் 1 அன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடி, பல கடைகள் ஊருக்குள் வர முயன்றபோது, பெண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள்.

சித்திக்கு 1994இல் எந்த அறையும் இல்லை.

வகுப்பு முடிந்த அந்த வாரமே ஊருக்குப் போனேன். சொல்லலாமா வேண்டாமா என்று ரயில் முழுக்க யோசனை. முப்பது வருடம் ஆகிவிட்டது. சொல்லி என்ன? ஆனால் கரும்பலகையில் பார்த்ததைச் சித்தியிடம் மறைப்பது எனக்கு இன்னொரு சர்க்கரைக் கதைபோலத் தோன்றியது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டேன். கீரையை நிறுத்தவில்லை.

"தெரியும்மா. அவரு சனிக்கெழம ராத்திரி ஸ்பிரிட்ல தண்ணி ஊத்திக் குடிச்சாரு. நான்தான் பாத்தேனே."

"டாக்டர் கேட்கலையா சித்தி?"

"கேட்டாரு. இன்னா குடிச்சாருன்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. நான் ஒண்ணுமில்லன்னேன். போலீசு வரும், வேல போயிடும், பொண்ணு ரெண்டு பேருக்கும் நாளைக்கு மாப்ள வரணும். இன்னா பண்றது?"

மாற்று மருந்தைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அவரே, "சொல்லு" என்றார். சொன்னேன். அன்றே சொல்லியிருந்தால் கண் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன், அது உண்மைதான். ஞாயிறு சாயங்காலம் பனி இறங்கியபோதே நேரம் கடந்திருக்கலாம். சித்தி ரொம்ப நேரம் பேசவில்லை.

பொய் சொன்னவர் சித்தி மட்டுமா என்று நான் அன்றிரவு நினைத்தேன். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது மாவட்ட நிர்வாகம் கள்ளச்சாராயம் காரணமில்லை, வேறு நோய்கள் என்றுதான் முதலில் சொன்னது. சித்தி சர்க்கரை என்று சொன்னதுபோல. ஆனால் சித்தியின் பொய்யால் ஒருவர் கண் போனது. இந்த மறுப்பைக் கேட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டைக் குடித்ததாகச் செய்திகள் சொல்லின. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் கூலி வேலை செய்யும் தலித்துகள். பெண்களும் ஒரு திருநங்கையும் அவர்களில் உண்டு. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் 22 பேர். அந்த மெத்தனால் ஒரு தொழிற்சாலைக்கு உரியது என்று காவல்துறை சொன்னது. பெயிண்டுக்கும் பிசினுக்கும் மருந்துக்கும் மெத்தனால் வேண்டும். எங்கள் மாவட்டத்துச் சிப்காட் சாலைகளில் ரசாயன டேங்கர்கள் போகும்போது இப்போதெல்லாம் நான் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு ஜூன் மாதக் கடைசியிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். சாவு நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை, பத்து இலட்சத்துக்குக் குறையாத அபராதம். இறந்தவர் குடும்பத்துக்கும் பத்து இலட்சம். நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐக்கு மாற்றியது. எல்லாம் சரிதான். 2023–24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது சுமார் 45,000 கோடி ரூபாய். பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை தர அப்போது ஆனது வருடத்துக்குச் சுமார் 13,000 கோடி. இரண்டையும் பக்கத்தில் எழுதி மாணவிகளிடம் காட்டினால் ஒருத்தி சிரித்தாள்.

திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நீலி கதை இருக்கிறது. காட்டில் கணவன் கொன்ற பெண் பேயாகிறாள், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் வருகிறாள். அவன் இவள் மனைவியே இல்லை, பேய் என்று அலறுகிறான். ஊர்ச்சபையின் எழுபது வேளாளர்கள், உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் பிணை என்று சொல்லி அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சொல் தவறாதவர்கள் என்று அவர்களுக்கு மண்டபம் இருக்கிறது, நீலி பொய்க்காரிக்குப் பழமொழியானாள். இந்தக் கதையை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கு அதில் தெரிவது வேறு. ஆணின் உயிருக்குப் பிணை நிற்க எழுபது பேர் இருந்தார்கள். முதலில் அவள் செத்தபோது சபை எங்கே இருந்தது? ஆஸ்பத்திரியில் இரண்டு முறை கேட்ட மருத்துவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நீ சொன்னால் உன் வேலைக்கும் பெண்களுக்கும் நான் பொறுப்பு என்று சித்தியிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இதை எழுதுவதற்கு முன் மறுபடி போய் அனுமதி கேட்டேன். எந்தப் பெயரும் வராது, ஊரையும் தெருவையும் மாற்றிக்கொள்ளட்டுமா என்றேன். சித்தி கொஞ்சம் யோசித்தார்.

"பேரு வேணாம். அந்த மனுசன் செத்துட்டாரு. ஊரு இருக்கட்டும்." கீழே கிடந்த முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். "ஆனா சக்கரன்னு எழுதாத. ஸ்பிரிட்டுன்னே எழுது."